நீக்கப்பட்ட வால்யூமை மீட்பது எப்படி: நிறுவனச் சேமிப்பகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில், பல ஆண்டு ஸ்கேன் படங்கள் அடங்கிய வால்யூம் (சேமிப்பகத்தில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி) ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணியளவில் நீக்கப்பட்டது. நீக்கியவர் நீக்க நினைத்தது, அதே பெயரின் கடைசியில் ‘டெஸ்ட்’ என்று சேர்ந்திருந்த வேறொரு வால்யூமை. புதிய படங்கள் இன்னொரு வால்யூமில் விழுந்துகொண்டிருந்ததால் இரவு முழுவதும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஒரு மருத்துவர் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முயன்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்கு அழைப்பு வந்தபோது நான் நாகர்கோவில் வடசேரியில் நின்றிருந்தேன். மருத்துவமனையிலிருந்து பேசிய தம்பி கேட்ட முதல் கேள்வி, “சார், ஸ்டோரேஜை ஒருமுறை ரீபூட் பண்ணிப் பார்க்கட்டுமா?” என்பது.

அந்தச் சேமிப்பகக் கருவியில் ஓடியது நெட்ஆப் நிறுவனத்தின் ஆன்டாப் இயங்குதளம். அதில் ஒரு வால்யூமை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. இயல்பான அமைப்பில் 12 மணி நேரம் மீட்பு வரிசை என்னும் இடத்தில் காத்திருந்து, அதன் பிறகே நிரந்தரமாகக் கழிக்கப்படும். பத்தரை மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது. தக்கலை நெரிசலைத் தாண்டி நான் நேரில் போய்ச் சேருவதற்குள் மீதி ஒன்றரை மணி நேரத்தின் பெரும்பகுதி கரைந்திருக்கும் என்பதால், வடசேரியிலேயே ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து தொலைபேசி வழியாகவே வேலையை நடத்தினோம். கட்டளைகள் நான்குதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கு தெரியாமல், வழக்கப்படி பேக்கப் டேப்பைத் தேடுவதில் தொடங்கியிருந்தால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நகலை நாங்களே காலாவதியாக விட்டிருப்போம்.

இந்த வழிகாட்டி அந்த அனுபவத்தை ஒட்டியே அமைகிறது. நிறுவனச் சேமிப்பகம் என்பது ஒரே பெட்டி அன்று. பயன்பாட்டு மென்பொருள், தரவுத்தளம், கோப்பு முறைமை, மெய்நிகர் இயந்திரம், லன் (சர்வருக்குத் தனி வட்டாகக் காட்டப்படும் பகுதி), வால்யூம், ரெப்ளிகேஷன் (வேறு தளத்துக்குத் தொடர்ந்து நகலெடுத்தல்), பேக்கப் என்று அடுக்கடுக்காக இருப்பது. ஒவ்வோர் அடுக்கும் நீக்கப்பட்டதைச் சிறிது காலம் வைத்திருக்கிறது. அந்தக் காலம் அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது. எந்த வழி எளிது என்று பார்த்து மீட்பைத் தொடங்கக் கூடாது. எந்த அடுக்கின் கெடு முதலில் முடிகிறது என்று பார்த்தே தொடங்க வேண்டும்.

முதல் படி: மடையை அடைத்தல்

நாஞ்சில் நாட்டில் வாய்க்காலில் ஒரு பொருள் விழுந்துவிட்டால், தண்ணீரில் இறங்கித் துழாவுவதற்கு முன் மேலே போய் மடையை அடைப்பார்கள். இங்கும் அதுவே முதல் வேலை. நீக்கப்பட்ட தரவு இருந்த இடத்தைக் காலி இடம் என்று முறைமை குறித்துக்கொண்டுவிட்டது. அடுத்து எழுதப்படும் எதுவும் அதன்மேல் விழலாம். எனவே பாதிக்கப்பட்ட ஷேரை (வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையை) துண்டிக்கவும். கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்யவும் (சர்வரிலிருந்து கழற்றவும்) அல்லது வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றவும். அதில் எழுதும் பயன்பாடுகளை நிறுத்தவும். மீட்பு மென்பொருளைத் தரவு இருந்த அதே வட்டில் நிறுவுவது இந்தத் துறையில் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு.

அதற்கும் முன்பாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: நீக்கிய கை இன்னும் நீக்கிக்கொண்டிருக்கிறதா? மனிதர் நீக்கியிருந்தால் அவர் பதறி நிறுத்தியிருப்பார். ஸ்கிரிப்ட்டுக்குப் பதற்றம் கிடையாது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில், பழைய பதிவுக் கோப்புகளை மட்டும் நீக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதே புதிய பதிப்பால் மாற்றி எழுதப்பட்டது. அதனால் அது வரையறுக்கப்படாத மாறியோடு தொடர்ந்து ஓடி, டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 77 டெராபைட் அளவில் 3.4 கோடி கோப்புகளை நீக்கியது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கின் தரவைப் பேக்கப்பிலிருந்து மீட்க வழி இல்லாமல் போயிற்று. இரண்டு நாள் ஓடிய வேலையை முதல் மணி நேரத்திலேயே நிறுத்தியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

எழுதுவதை நிறுத்துவது என்றால் கருவியையே அணைப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தத் தம்பி கேட்ட ரீபூட் எதையும் மீட்காது. சில வேளை கடைசி வாய்ப்பையும் எடுத்துப் போய்விடும். லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பை நீக்கினாலும், ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டில் உயிரோடு இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் அத்தகைய கோப்புகளைக் கண்டுபிடித்து, ப்ராக் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே உள்ள எஃப்டி பகுதியிலிருந்து அப்படியே வேறிடத்துக்கு நகலெடுத்துவிடலாம். தரவுத்தளத்தின் தரவுக் கோப்பு தவறுதலாக நீக்கப்பட்டபோது இந்த வழியில் முழுதாகத் திரும்பிய நிகழ்வுகள் உண்டு. அந்த நிரலை நிறுத்திய நொடியில், அல்லது சர்வரை மறுதொடக்கம் செய்த நொடியில், அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே லினக்ஸில் முதலில் திறந்த கோப்புகளைப் பார்த்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, அதன் பிறகே சேவையை நிறுத்த வேண்டும்.

பயனர்கள் எழுதுவதை நிறுத்தினாலும் முறைமை தானாக எழுதுவதும் கழிப்பதும் தொடரும். இந்தப் பின்னணி வேலைகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பல லினக்ஸ் வெளியீடுகளில் வாரம் ஒருமுறை டிரிம் வேலை ஓடி, காலி என்று குறிக்கப்பட்ட இடங்களை எஸ்எஸ்டியிடம் ஒப்படைத்துவிடுகிறது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேரின் விஎம்எஃப்எஸ் 6 கோப்பு முறைமை, நீக்கப்பட்ட இடத்தை அன்மேப் கட்டளை மூலம் பின்னணியில் தானாகவே சேமிப்பகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஸ்னாப்ஷாட் (வால்யூம் ஒரு நொடியில் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும் அட்டவணை, புதியதை எடுக்கும்போதே எண்ணிக்கை மீறிய பழையதை நீக்குகிறது. ரெப்ளிகேஷன், இங்கே நடந்த நீக்கத்தை அடுத்த சுற்றில் பேரிடர் மீட்புக்கான டிஆர் தளத்துக்கும் உண்மையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்றிரவு ஓடும் பேக்கப், காலிக் கோப்புறையை நகலெடுத்துவிட்டு, தக்கவைப்புக் கணக்குப்படி கடைசி நல்ல பிரதியைக் கழித்துவிடக்கூடும். டிரிம்மையும் அன்மேப்பையும் நிறுத்தவும். ஸ்னாப்ஷாட் நீக்கத்தை நிறுத்தவும். ரெப்ளிகேஷனைத் தற்காலிகமாக முடக்கவும். பேக்கப் வேலையை மட்டுமன்றி அதன் கழிப்பு வேலையையும் நிறுத்தவும்.

இரண்டாம் படி: எழுதி வைத்தல்

ஒரு தாளும் பேனாவும் போதும். எப்போது நீக்கப்பட்டது, எப்போது தெரிந்தது, எந்தப் பயனர் கணக்கில், எந்தக் கட்டளையால், அதற்குப் பின் யார் எதைத் தொட்டார்கள் என்பதை நேரத்தோடு குறிக்கவும். கருவியின் தணிக்கைப் பதிவையும் கட்டளை வரலாற்றையும் தனியாக நகலெடுத்து வைக்கவும். பழி சொல்வதற்கு இது வேளை அன்று. திட்டு விழும் என்று பயந்தவர், நீக்கிய பிறகு தானாக முயன்ற இரண்டு மூன்று வேலைகளை மறைத்துவிடுவார். அந்த மறைவே மீட்பைக் கெடுக்கும்.

பதிவில் தெரியும் கணக்கு நிறுவனத்தில் யாருடையதும் இல்லை என்றாலோ, நள்ளிரவில் வெளியிலிருந்து உள்நுழைந்த தடம் இருந்தாலோ, இது தவறுதலான நீக்கம் அன்று. அப்போது, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, அறிந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். பதிவுகளையும் 180 நாள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்த அடுக்கு, எத்தனை மணி

அழிந்தது கோப்பா, தரவுத்தள வரிசைகளா, மெய்நிகர் இயந்திரமா, லன்னா, முழு வால்யூமா என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. “ஷேர் காணவில்லை” என்ற புகாருக்குப் பின்னால் ஷேர் வரையறை மட்டும் போய், தரவு அசையாமல் இருந்ததை நானே மூன்று முறையாவது பார்த்திருக்கிறேன். விஎம்வேரில் இயந்திரத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் வட்டிலிருந்து அழிப்பதும் வெவ்வேறு; முதலாவது நடந்திருந்தால் மீண்டும் பதிவு செய்தால் போதும். மெய்நிகர் வட்டின் சிறிய விவரக் கோப்பு மட்டும் தொலைந்து, ‘பிளாட்’ என்று முடியும் பெரிய கோப்பு இருக்கிறது என்றால், அதன் சரியான பைட் அளவைக் கொண்டு விவரக் கோப்பைப் புதிதாக எழுதிவிடலாம்.

அடுத்தது கெடுக்களின் கணக்கு. மிகக் குறுகிய கெடு தரவுத்தளத்தில் இருக்கும். ஆரக்கிளில் பழைய நிலையைக் காட்டும் பிளாஷ்பேக் வினவல், மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளை வைத்திருக்கும் அன்டூ தரவை நம்பியது. அதன் தக்கவைப்பு அளவுருவின் இயல்பு மதிப்பு 900 நொடி, அதாவது கால் மணி நேரம். தவறான கட்டளையால் வரிசைகள் போயின என்றால், கூட்டம் கூடிப் பேசுவதற்கு முன் பிளாஷ்பேக்கில் பழைய நிலையைத் தனி அட்டவணையாக எடுத்துவிட வேண்டும். அட்டவணையே டிராப் ஆகியிருந்தால் ஆரக்கிளின் மறுசுழற்சித் தொட்டியைப் பார்க்கவும். மைஎஸ்க்யூஎல்லில் பைனரி பதிவும், போஸ்ட்கிரஸில் சேமித்து வைத்த டபிள்யூஏஎல் (மாற்றங்களை முன்கூட்டி எழுதும்) பதிவுகளும், முழு பேக்கப் ஒன்றோடு சேர்ந்தால், பிழை நடந்த நொடிக்குச் சற்று முன்வரை தரவைக் கொண்டுவரும். எஸ்க்யூஎல் சர்வரில், மீட்பைத் தொடங்கும் முன் பதிவில் மீதமிருக்கும் கடைசிப் பகுதியைப் பேக்கப் எடுக்க மறக்கக் கூடாது.

அதற்கு அடுத்த கெடு சேமிப்பகக் கருவியினுடையது. ஆன்டாப்பின் 12 மணி நேரத்தைச் சொன்னேன். பியூர் ஸ்டோரேஜின் பிளாஷ்அரேயில் நீக்கப்பட்ட வால்யூம் இயல்பாக 24 மணி நேரம் காத்திருக்கும். சேஃப்மோட் வசதியை இயக்கியிருந்தால் இதை 30 நாள்வரை நீட்டி, யாரும் முன்கூட்டியே அழிக்க முடியாதபடி செய்யலாம். அந்தப் பாதுகாப்பு இல்லாத கருவியில், நீக்கியவரே இரண்டாவதாக நிரந்தர அழிப்புக் கட்டளையையும் கொடுத்திருந்தால் காத்திருப்பு எதுவும் கிடையாது. செட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் முழுப் பூலும் (வட்டுகளைச் சேர்த்த தொகுப்பும்) நீக்கப்பட்டு, வட்டுகளில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால், நீக்கப்பட்ட பூல்களைத் தேடி இறக்குமதி செய்யும் வசதி உள்ளது. லினக்ஸில் வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மில் லாஜிக்கல் வால்யூமை நீக்குவது பெரும்பாலும் வரைபடத்தை மட்டுமே அழிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய வரைபடம் ஈடிசி அடைவில் எல்விஎம் காப்பகத்தில் இருக்கும். சரியான காப்பகக் கோப்பை விஜிசிஎஃப்ஜி-ரெஸ்டோர் கட்டளைக்குக் கொடுத்தால் வால்யூம் திரும்பி வரும். எழுதும்போது மட்டும் இடம் ஒதுக்கும் தின் பூலில் இது இவ்வளவு எளிதன்று. காலியான இடத்தை வட்டுக்கு அறிவிக்கும் டிஸ்கார்ட் கட்டளையை அனுப்பும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தாலும் வரைபடம் மட்டும் வந்து உள்ளே வெறுமையே இருக்கும்.

ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நீண்ட கெடு என்று நினைக்க வேண்டாம். ஆன்டாப்பின் இயல்புக் கொள்கை மணிக்கொரு முறை எடுப்பதில் ஆறையும், நாளுக்கொரு முறை எடுப்பதில் இரண்டையும், வாரத்துக்கொரு முறை எடுப்பதில் இரண்டையும் மட்டுமே வைத்திருக்கும். காலையில் உருவாக்கி நண்பகலில் நீக்கிய கோப்பு மணிக்கணக்கு ஸ்னாப்ஷாட்டில் மட்டுமே இருக்கும். மாலைக்குள் அது சுழன்று போய்விடும். விண்டோஸ் சர்வரில் ஸ்னாப்ஷாட்டுக்கு ஈடான ஷேடோ காப்பியின் இயல்பு அட்டவணை வேலை நாட்களில் காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும்தான். ஒரு வால்யூமுக்கு உச்சமாக 64 பிரதிகள். பேக்கப் பிரதிகளின் கெடு வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் இருப்பதால், கழிப்பை நிறுத்திய பிறகு அவற்றைக் கடைசியாகத் தேடலாம்.

நான்காம் படி: பின்னோக்கித் திருப்பாமல் எடுத்தல்

நல்ல ஸ்னாப்ஷாட் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில்தான் இரண்டாவது விபத்து நடக்கிறது. மேலாண்மைத் திரையில் ‘ரெஸ்டோர்’ என்ற பொத்தான் கண்ணுக்கு எதிரே இருக்கும். முழு வால்யூமையும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், அதற்குப் பின் எழுதப்பட்ட எல்லாமும் போய்விடும். அதைவிட மோசமாக, அதற்குப் பிந்தைய ஸ்னாப்ஷாட்டுகளும் நீங்கிவிடும். தேர்ந்தெடுத்த ஸ்னாப்ஷாட்டில் நீங்கள் தேடியது இல்லை என்று அதன் பிறகு தெரிந்தால் திரும்பி வர வழி இல்லை. செட்எஃப்எஸ்ஸின் ரோல்பேக்கும் அப்படியே: இடையில் புதிய ஸ்னாப்ஷாட்டுகள் இருந்தால் முதலில் மறுக்கும், கட்டாயப்படுத்தினால் அவற்றை அழித்துவிட்டே திரும்பும்.

ஆகவே கோப்புகள் என்றால் மறைவான ஸ்னாப்ஷாட் அடைவுக்குள் நுழைந்து, தேவையானதை மட்டும் வேறு இடத்துக்கு நகலெடுக்கவும். லன் அல்லது மெய்நிகர் இயந்திரம் என்றால், ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு குளோன் (எழுதக்கூடிய தனி நகல்) உருவாக்கி, அதை ஒரு தனி சர்வரோடு இணைத்து, உள்ளே பார்த்து, சரியானது என்று உறுதியான பிறகு தரவை எடுக்கவும். குளோன் தொடக்கத்தில் இடத்தை எடுத்துக்கொள்ளாது. சில நொடிகளில் தயாராகும். தவறாகப் போனால் அந்தக் குளோனை மட்டும் நீக்கிவிட்டு அடுத்ததை முயலலாம். குளோனை அதே சர்வரில் இணைக்க நேர்ந்தால், இரண்டு வட்டுகளும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளவும். எக்ஸ்எஃப்எஸ், எல்விஎம், விஎம்எஃப்எஸ் மூன்றுமே இதில் குழம்பும்.

இன்னொரு பொறி உண்டு. மீட்ட தரவை அதே வால்யூமில் கொட்டினால் வால்யூம் நிரம்பும். நிரம்பினால், ஸ்னாப்ஷாட் தானியங்கி நீக்கம் இயக்கப்பட்டிருக்கும் அமைப்பில், இடம் பிடிப்பதற்காகக் கருவி ஸ்னாப்ஷாட்டுகளையே தின்னத் தொடங்கும். நீங்கள் எதிலிருந்து நகலெடுக்கிறீர்களோ அதுவும் பலியாகலாம். எனவே வேறு வால்யூம், வேறு அக்ரிகேட் (வட்டுத் தொகுதி), முடிந்தால் வேறு கருவி.

மருத்துவமனையில் நாங்கள் செய்தது இதைவிடச் சுருக்கமானது. மீட்பு வரிசையைக் காட்டும் கட்டளை சாதாரண அனுமதி நிலையில் தெரியாது; நோயறி நிலைக்கு மாற வேண்டும். உற்பத்தியாளரின் உதவிப் பிரிவைத் தொடர்பில் வைத்துக்கொண்டு இதைச் செய்வதே முறை. வரிசையில் வால்யூம் தன் பெயரோடு ஓர் எண் ஒட்டியபடி நின்றது. அதை மீட்டு, ஆன்லைன் ஆக்கி, பழைய பெயரைச் சூட்டி, பழைய பாதையில் மவுண்ட் செய்தோம். பத்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.

ஐந்தாம் படி: பேக்கப்பிலிருந்து இறக்குதல்

கருவிக்குள் எதுவும் இல்லை என்று உறுதியானால் பேக்கப். பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கையும், இறக்கிப் பார்த்த பேக்கப்பும் ஒன்றல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை நீக்கினார். அன்றாடம் எடுக்கப்பட வேண்டிய தரவுத்தளப் பிரதி, மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் ஓசையின்றித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. சுமார் ஆறு மணி நேரம் முன்பு, வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு நடைமுறைச் சிக்கல், தூரமும் இணைப்பும். வெளியூர் மையத்தில் இருக்கும் 20 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, இணைப்பு ஒரு நொடியும் தொய்யாமல் இருந்தாலும் 18 நாட்களுக்கு மேல் ஆகும். அதே தரவைத் திருவனந்தபுரத்தில் ஒரு நாஸ் பெட்டியில் (சிறிய வலையமைப்புச் சேமிப்பகத்தில்) ஏற்றிக் காரில் கொண்டுவந்தால், ஏற்றும் இறக்கும் நேரத்தையும் சேர்த்துச் சில நாட்களில் முடியும். அவசரமான சில கோப்புகளை மட்டும் இணையம் வழியாக முதலில் இறக்கிவிட்டு, மற்றதை வண்டியில் வரவைப்பதே நான் பரிந்துரைப்பது. மழைக்காலமென்றால் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்கவும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருண்டு கிடந்தன. நீண்ட ரெஸ்டோரைத் தொடங்கும் முன் யுபிஎஸ் பேட்டரியையும் ஜெனரேட்டர் டீசலையும் பார்ப்பது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

ஆறாம் படி: வட்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பலாமா

கடைசி வழி, நிறுவனக் கருவிகளில் பெரும்பாலும் பலவீனமான வழி. தனி விண்டோஸ் சர்வரில், சுழலும் வட்டில், என்டிஎஃப்எஸ் கோப்பு நீக்கப்பட்டால் கோப்புப் பட்டியலான எம்எஃப்டியில் அதன் பதிவு காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். நல்ல மென்பொருள் அதைத் திரும்ப எடுக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 நீக்கும்போது கோப்பின் இடக்குறிப்பையே துடைத்துவிடுவதால் ஜர்னலில் (மாற்றக் குறிப்பேட்டில்) மீந்திருப்பதை நம்பியே தேட வேண்டும். ரெய்டு (பல வட்டுகளில் பிரித்து எழுதுதல்), டீடூப்ளிகேஷன் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைத்தல்), சுருக்கம், குறியாக்கம் எல்லாம் சேர்ந்த கருவியிலோ, ஒற்றை வட்டிலிருந்து துருவி எடுப்பதற்குப் பொருளுள்ள எதுவும் இராது. டிரிம் நடந்த எஸ்எஸ்டியில் நம்பிக்கையே இல்லை.

அப்படியும் அனுப்புவதென்றால், ஒவ்வொரு வட்டிலும் அதன் ஸ்லாட் எண்ணை ஒட்டவும். எல்லா வட்டுகளையும் அனுப்பவும். முடிந்தால் மூலத்தை வைத்துக்கொண்டு பிட்டுக்குப் பிட் நகலை மட்டும் கொடுக்கவும். நோயாளி விவரம், வங்கி விவரம் உள்ள வட்டென்றால் எழுத்து வடிவ இரகசிய ஒப்பந்தம் இல்லாமல் கையை விட்டு அனுப்பக் கூடாது.

ஏழாம் படி: சரிபார்த்து ஒப்படைத்தல்

வால்யூம் திரும்பி வந்ததும் கைதட்டல் எழும். வேலை அப்போது முடிவதில்லை. கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பழைய அறிக்கையோடு ஒப்பிடவும். தரவுத்தளத்தில் ஒருங்கிணைவுச் சோதனையை ஓட்டவும். அனுமதிகள் சரியா என்று பார்க்கவும்: மவுஸால் இழுத்துப் போட்டு நகலெடுத்தால் அனுமதிகள் உதிர்ந்துவிடும், கணக்குப் பிரிவின் கோப்புறை எல்லோருக்கும் திறந்துவிடும். ரோபோகாப்பியையோ ஆர்சிங்கையோ, அனுமதிகளையும் கொண்டுவரும் விருப்பங்களோடு பயன்படுத்தவும். ஆன்டாப்பில் மீண்ட வால்யூமுக்கு எக்ஸ்போர்ட் கொள்கையும் (எவை அணுகலாம் என்ற விதியும்) ஸ்னாப்ஷாட் கொள்கையும் ஷேர்களும் ரெப்ளிகேஷன் உறவும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட வேண்டும்.

கடைசிச் சோதனையைத் தரவின் சொந்தக்காரர் செய்ய வேண்டும், நாம் அல்ல. மார்த்தாண்டத்தில் பழைய படம், இடைக்காலப் படம், நீக்கத்துக்கு முந்தைய நாள் படம் என்று மூன்றை அந்த மருத்துவரே திறந்து பார்த்த பிறகுதான் நிறுத்தி வைத்திருந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கினோம்: முதலில் ஸ்னாப்ஷாட், பிறகு பேக்கப், பிறகு ரெப்ளிகேஷன், எல்லாவற்றுக்கும் கடைசியாக டிரிம்.

அன்று மாலையே அந்தக் கருவியின் மீட்பு வரிசைக் கெடுவை 12 மணியிலிருந்து 72 மணியாக மாற்றினோம். சனிக்கிழமை இரவு நீக்கியது திங்கள் பகலிலும் கைக்கு எட்ட வேண்டும் என்பதே கணக்கு. ‘டெஸ்ட்’ என்று முடிந்த எல்லா வால்யூம்களுக்கும், அந்தச் சொல் முன்னால் வரும்படி பெயர் மாற்றினோம். அவற்றை நீக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது; அந்தத் தம்பி தொட மாட்டேன் என்கிறார்.